எழுத்தில் இருக்கட்டும்

பழங்காநத்தத்தில் ஜும்ஆத் தொழுகைக்குப்பின், சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த ஆசிரியர் இருவரைக் கண்டேன். “நினைத்தபோது உம்ராச் செய்யும் பாக்கியம் கிட்டியது” என மகிழ்ந்தார் ஜித்தாவில் பணிபுரிபவர். ரியாதில் பணிபுரிபவரோ, “வாயால் சொன்ன ஊதியம் வேறு, கைக்கு வந்தது வேறு” என வருந்தினார்.

ஜித்தாவில் 1969லேயே இந்தியப் பள்ளி தோன்றியது. 2021 மார்ச் 14 முதல், தனியார்துறை ஊழியர் பலர் முதலாளியின் இசைவின்றியே தாயகம் வந்துசெல்ல வழி பிறந்தது. ஆயினும் ஊதியத்திற்குச் சாட்சி ஒப்பந்தமே.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது. உழைத்தவரின் ஊதியமும் கடனன்றோ! அருமைச் சகோதர சகோதரிகளே, விமானம் ஏறுமுன் ஊதியம், குடியிருப்பு, விடுமுறைப் பயணச்சீட்டு யாவற்றையும் எழுத்தில் பெறுங்கள். எழுதாமல் நம்பிச் செல்வது தவக்குல் ஆகாது, கவனக்குறைவேயாகும்.