நியமனம் வேறு, வாரிசுரிமை வேறு

சங்கங்களின் தணிக்கைக்குச் செல்லும்போது அங்கத்தினர் பதிவேட்டைப் பார்வையிடுவது நமது கடமைகளுள் ஒன்று. அப்பதிவேட்டில் மிகவும் கவனிப்பாரற்றுக் கிடப்பது, அங்கத்தினர் இறந்தால் அவருடைய பங்குத் தொகையையும் சேமிப்பையும் யாரிடம் கொடுப்பது என்று எழுதும் கட்டமேயாகும். இருபது வயதில் எழுதிய பெயர் ஐம்பது வயதிலும் மாறாமலிருக்கும். இடையில் திருமணம், மக்கட்பேறு, பெற்றோரின் முதுமை, சில குடும்பங்களில் விவாகரத்து ஆகிய யாவும் நடந்திருக்கும்; பதிவேடு மட்டும் அவற்றை அறியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் இருந்த சமயம், கணவரை இழந்த அம்மையார் ஒருவர் வந்தார். கணவர் மணமாகுமுன் தம் தம்பியின் பெயரை எழுதி வைத்திருந்தார். "நியமனம் தம்பியின் பெயரில் இருக்கிறது; பணம் அவருக்குத்தான்" என்று கூறி அனுப்பினோம். அது பாதி உண்மை. அப்பாதி உண்மை அவ்வம்மையாருக்கு முழு நஷ்டமாக முடிந்தது. பின்னர் சட்டத்தைச் சரிவரப் படித்து அவருக்குச் செய்தி அனுப்பியபோது, தம்பி பணத்தைச் செலவழித்துவிட்டிருந்தார். வேறொருவருக்கும் அவ்விதம் நேராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

நியமனம் எதற்காக?

நியமிக்கப்பட்டவரிடம் பணத்தைக் கொடுத்து ரசீது பெற்றவுடன் சங்கத்தின் பொறுப்புத் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே. சட்டப்படி வாரிசுகளாக உள்ளவர்கள் தத்தம் பங்கை அவரிடம் கேட்டுப் பெறலாம். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில், சங்கம் நியமனப்படி நடக்கக் கடமைப்பட்டது என்றும், ஏனைய வாரிசுகள் தம் உரிமையைத் தனியே கோரத் தடையில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் கூறியது. "வாரிசு நியமனம்" என்று நாம் வழங்கும் சொல்லே பலரை மயங்க வைக்கிறது. வாரிசை நியமிப்பது பதிவேடு அன்று, சட்டமும் உயிலுமே.

வாரிசுகள் யாவர்?

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சம்பாத்தியம் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபாகமாகச் சேரும். 80,000 ரூபாய் விட்டுச் சென்றவருக்கு மனைவியும், ஒரு மகனும், ஒரு மகளும், தாயும் இருப்பின் ஒவ்வொருவருக்கும் 20,000 ரூபாய். இவர்களுள் ஒருவர் இருந்தாலும் தந்தைக்குப் பங்கில்லை என்பதைப் பலர் அறியார். மகனை நம்பியிருக்கும் தந்தைக்கு ஏதேனும் சேர வேண்டுமாயின் உயில் அவசியம்.

கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுரிமை விதிகள் வேறு. முஸ்லிம் அங்கத்தினர் ஒருவர், வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது.

விவாகரத்து நேர்ந்தால்

பிரிந்து வாழ்வது விவாகரத்து ஆகாது. பத்தாண்டுகள் தனித்திருப்பினும், நீதிமன்றத் தீர்ப்பு இல்லையேல் அப்பெண் சட்டப்படி மனைவியே. கணவர் இறந்தால் வாரிசே. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் "தீர்த்துக்கொண்டோம்" என்று எழுதிக் கொள்வதும் பொதுவாகச் செல்லாது. தொன்றுதொட்ட வழக்கமென்று நிரூபிக்கக்கூடிய சமூகத்தாருக்கு மட்டுமே 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் விலக்களிக்கிறது.

தீர்ப்புப் பெற்றபின் முன்னாள் மனைவி வாரிசல்லர். குழந்தைகளோ எவரிடம் வளர்ந்தாலும் தாய் தந்தை இருவருக்கும் வாரிசுகளே. எனினும் சங்கப் பதிவேட்டிலுள்ள பழைய நியமனம் தானாக நீங்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. அங்கத்தினரே எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவதாயின், ஜீவனாம்சம், குழந்தைகளின் பராமரிப்பு, நகை, கூட்டாக வாங்கிய கடன் ஆகியவற்றை மனுவிலேயே தெளிவாக எழுதிக்கொள்வது நலம்.

முதியோரின் பாதுகாப்பு

அன்பு மிகுதியால் வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் வருந்துவோர் பலர். செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடுகிறது. உயிலோ இறந்தபின் செயற்படுவது. உயிரோடுள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் உரியது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால் ரத்துச் செய்விக்க இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. ஆகவே "உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் அளித்து என்னைக் காப்பாற்ற வேண்டும்" என்னும் வாசகத்தைப் பத்திரத்திலேயே எழுதச் செய்க. சொத்தே இல்லாத பெற்றோரும் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்.

செய்ய வேண்டுவன

1. சங்கத்திற்குச் சென்று உங்கள் நியமனத்தைப் பார்வையிடுங்கள். மாற்றம் வேண்டுமாயின் எழுதிக் கொடுத்து அத்தாட்சி பெறுங்கள்.

2. உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டுவதில்லை. இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்; பயன் பெறுவோரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நன்று. பதிவு கட்டாயமன்று, ஆயினும் பிற்காலத் தகராறுகளில் துணை செய்யும்.

3. வைப்பு, கடன், ஜாமீன் விவரங்களை ஓரேட்டில் எழுதி மனைவி மக்கள் அறிய வையுங்கள். கடனை மறைத்தல் அவர்களுக்குச் செய்யும் தீங்கு.

4. நிலத்தை எழுதிக் கொடுக்குமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து கொள்ளுங்கள். ஏழை எளியோர்க்கும், பெண்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி உதவுகிறது.

சாவைப் பற்றியும் பிரிவைப் பற்றியும் பேசுவது அபசகுனம் என்று நம் குடும்பங்களில் தயங்குவதுண்டு. பாவு ஓட்டும்போதே அறுந்த இழையை முடிந்துவிடுவது நெசவாளர் வழக்கம். தறியேறிய பின் தேடுவது கடினம். குடும்பக் காரியமும் அத்தகையதே. அடுத்த மாதக் கூலி வாங்கச் செல்லும் நாளில், ஐந்து நிமிடம் செலவிட்டுப் பதிவேட்டில் உங்கள் பக்கத்தைக் காட்டும்படி காரியதரிசியிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.