கணக்குக் கேட்ட செழியன்

நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு பேசும் நேரத்தில் தொலைக்காட்சிக் கேமராக்கள் இருப்பதில்லை. மூடிய கதவுக்குள் உட்கார்ந்து, அரசு ஏற்கெனவே செலவழித்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது அதன் வேலை. 1971 முதல் 1973 வரை அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இரா. செழியன். சட்டத்தைவிடக் கணக்கு அவருக்கு நெருக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர்.

1923-ல் திருக்கண்ணபுரத்தில் பிறந்த செழியன், நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. 1962-ல் பெரம்பலூரிலிருந்து திமுக உறுப்பினராக மக்களவைக்குப் போனார். 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணம் அவரைத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் ஜனதா கட்சிக்கு வந்து, 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார்.

பொதுக் கணக்குக் குழு 1921-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின்னும் வெகுகாலம் ஆளுங்கட்சிக்காரரே அதன் தலைவர். 1967-ல் எதிரணியின் மினு மசானி தலைவராக வந்த பிறகுதான் எதிர்க்கட்சிக்கு அந்த நாற்காலி என்ற வழக்கம் வேரூன்றியது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், பதவிக்காலம் ஓராண்டு. அமைச்சருக்கு இதில் இடமில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு, துறைச் செயலாளரை வரவழைத்து, அனுமதித்த தொகைக்கு மேல் ஏன் போனது, வாங்கிய பொருள் ஏன் கிடங்கிலேயே கிடக்கிறது என்று குடைவார்கள். கொள்கை சரியா தவறா என்பதற்குள் குழு போகாது. அதன் பரிந்துரைக்கு அரசைக் கட்டுப்படுத்தும் சட்ட வலுவும் கிடையாது. ஆனாலும், எடுத்த நடவடிக்கை என்ன என்று துறை திரும்ப வந்து பதில் சொல்லியாக வேண்டும். பல்லில்லாத குழு என்பவர்கள், அதன் முன் உட்கார்ந்து பதில் சொல்லும் செயலாளரைப் பார்த்ததில்லை.

பதவி போன பிறகும் செழியன் கணக்குக் கேட்பதை விடவில்லை. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை புழக்கத்திலிருந்து மறைந்துபோனபோது, தம்மிடமிருந்த படியைக் கொண்டு அதை மறுபடி நூலாக்கினார்.

அவருடைய நீண்ட சண்டை தொகுதி மேம்பாட்டு நிதியோடுதான். 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு கொண்டுவந்த திட்டம் அது. ஒரு பேட்டையில் சமுதாயக்கூடம் வேண்டுமென்றால், தொகுதி எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் கட்டிக் கொடுக்கும். பார்க்க நல்ல ஏற்பாடு. செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவழிப்பவராகிவிட்டால் யார் யாரைக் கேட்பது என்பது செழியனின் கேள்வி. இதற்காகவே ஒரு புத்தகமும் எழுதினார். வாதத்தை மறுக்க வந்தவர்கள் பெரும்பாலும் கட்டிய பள்ளிகளையும் போட்ட சாலைகளையும்தான் காட்டினார்கள். அவர் கேட்டது அதையல்ல.

2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு திட்டம் செல்லும் என்றது. அடுத்த ஆண்டே, உறுப்பினர் ஒருவருக்கு 2 கோடியாக இருந்த நிதி 5 கோடியானது. செழியன் 2017 ஜூன் 6-ல் வேலூரில் காலமானார்.