ஊரி ஸோஹர்

ஊரி ஸோஹர் (நவம்பர் 4, 1935 - ஜூன் 2, 2022) இஸ்ரேலிய நகைச்சுவை நடிகர், திரைப்பட இயக்குநர், தொலைக்காட்சிக் கலைஞர். இஸ்ரேலின் நவீனத் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். 1960களிலும் 1970களிலும் அந்நாட்டின் மிகப் பிரபலமான சிரிப்பு நடிகராக இருந்தார். புகழின் உச்சியில் திரைத்துறையை விட்டு விலகி, யூத சமயத்தின் தீவிர மரபுவழிப் பிரிவில் சேர்ந்து ரபியாக (சமய ஆசிரியராக) வாழ்ந்து மறைந்தார்.

பிறப்பு, கல்வி

ஊரி ஸோஹர் டெல் அவிவ் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். அவர் பிறந்தபோது அப்பகுதி பாலஸ்தீனம் என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சிப் பொறுப்பில் இருந்தது. இஸ்ரேல் என்னும் நாடு 1948-இல் உருவானபோது அவருக்கு வயது பன்னிரண்டு. நாடும் தானும் ஒன்றாக வளர்ந்த தலைமுறை அவருடையது.

1952-இல் பள்ளிப்படிப்பை முடித்தார். பிறகு கட்டாய ராணுவச் சேவைக்குச் சென்றார். இஸ்ரேலிய ராணுவத்தில் வீரர்களை மகிழ்விக்க ஆடல், பாடல், நகைச்சுவை நிகழ்ச்சிகள் நடத்தும் கலைக்குழுக்கள் உண்டு. அந்நாட்டின் பாடகர்களும் நடிகர்களும் பலர் இக்குழுக்களிலிருந்தே வந்தவர்கள். ஸோஹரும் தன் ராணுவச் சேவையை அத்தகைய குழு ஒன்றில் செய்தார். பின்னர் ஜெருசலேமிலுள்ள ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றார்.

தனி வாழ்க்கை

ஸோஹரின் முதல் மனைவி பாடகி இலானா ரோவினா. இவர் ஹீப்ரு நாடக மேடையின் மூத்த நடிகையான ஹன்னா ரோவினாவின் மகள். இந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. பின்னர் எலியா என்பவரை மணந்தார். ஸோஹர் சமய வாழ்க்கைக்குத் திரும்பியபோது எலியாவும் உடன் சென்றார்.

மேடை

1950களின் பிற்பகுதியில் 'பட்சால் யாரோக்' (பச்சை வெங்காயம்) என்ற மேடைக் குழு டெல் அவிவில் புகழ்பெற்றது. பாடலும் குறுநாடகமும் கலந்த நிகழ்ச்சிகளை அது நடத்தியது. ஸோஹர் அதன் முக்கிய உறுப்பினர். பின்னாளில் 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' ஆங்கிலப் படத்தின் கதாநாயகனாக உலகப் புகழ் பெற்ற ஹயிம் டோபோல், இஸ்ரேலின் மிகவும் விரும்பப்பட்ட பாடகரான அரிக் ஐன்ஸ்டைன் ஆகியோரும் இக்குழுவில் இருந்தனர்.

ஸோஹரின் திரைப்பட முறைக்கு இந்த மேடை அனுபவமே அடித்தளம். முழுமையாக எழுதி முடித்த வசனத்தைவிட நடிப்பவர் அந்த நேரத்தில் சேர்க்கும் சொல்லுக்கும் சேட்டைக்கும் அதிக மதிப்புத் தருவது, பெரிய கதையைவிடச் சிறுசிறு காட்சிகளை நம்புவது, நண்பர்களையே நடிகர்களாகப் பயன்படுத்துவது ஆகிய மூன்று வழக்கங்களும் கடைசிப் படம் வரை அவரிடம் இருந்தன.

திரைப்படங்கள்

தொடக்கம்

1962-இல் வெளியான 'எட்ஸ் ஓ பாலஸ்தீனா' படத்தின் இயக்குநர்களில் ஸோஹரும் ஒருவர். நதான் ஆக்ஸெல்ராட் என்ற முன்னோடி ஒளிப்பதிவாளர் பல ஆண்டுகளாக எடுத்துச் சேர்த்திருந்த செய்திப்படத் துண்டுகளைத் தொகுத்து, நகைச்சுவையான வர்ணனையுடன் உருவாக்கிய படம் அது. பிரிட்டிஷ் கால நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் 'பூவா தலையா' கேட்கும் சொல்லே அதன் தலைப்பு.

நிலவில் ஒரு துளை

ஸோஹர் தனித்து இயக்கிய 'ஹோர் பலெவானா' (நிலவில் ஒரு துளை) 1964-இல் உருவானது. எழுத்தாளர் அமோஸ் கெனான் திரைக்கதை எழுதினார். டேவிட் குர்ஃபிங்கெல் ஒளிப்பதிவு செய்தார். பாலைவனத்தில் எதிரெதிரே பெட்டிக்கடை வைக்கும் இருவர், வாங்க ஆளில்லாத நிலையில் திரைப்படம் எடுக்கத் தொடங்குகிறார்கள். வெறும் மணலில் ஒரு திரைப்பட நகரம் எழுகிறது. கடைக்காரர்களில் ஒருவராக ஸோஹரே நடித்தார்.

இப்படத்தின் கேலி எதை நோக்கியது என்பதை அறிய அன்றைய பின்னணியை அறிய வேண்டும். அதுவரை வந்த இஸ்ரேலியப் படங்கள் பெரும்பாலும் நாட்டை உருவாக்கும் பெருமிதத்தைப் பேசின. பாலை நிலத்தை உழும் குடியேறிகள், களத்தில் உயிர்விடும் வீரர்கள் ஆகியோரே அவற்றின் நாயகர்கள். ஸோஹர் அந்தப் படங்களின் காட்சிமுறையையே எடுத்துக்கொண்டு கேலி செய்தார். ஒரு காட்சியில், எப்போதும் வில்லன்களாகவே நடிக்க வைக்கப்படும் அரபுப் பாத்திரங்கள் இயக்குநரிடம் வந்து, ஒரே ஒரு முறை தங்களை நல்லவர்களாக நடிக்க விடும்படி கேட்கிறார்கள். இயக்குநர் முதலில் அதிர்ந்துபோய், பிறகு ஒப்புக்கொள்கிறார். நல்லவர் யார், கெட்டவர் யார் என்பதைக் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் முடிவு செய்கிறார் என்பதை அந்தச் சிறு காட்சி காட்டிவிடுகிறது.

படம் 1965-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. உள்நாட்டில் வசூல் பெறவில்லை. அதே 1964-இல் எஃப்ராயிம் கிஷோன் இயக்கி டோபோல் நடித்த 'சல்லா ஷபாட்டி' பெருவெற்றி பெற்றது. நேர்க்கோட்டில் கதை சொல்லும் நகைச்சுவையை விரும்பிய மக்களுக்கு, கதையே இல்லாமல் தாவிச் செல்லும் ஸோஹரின் படம் புதிராக இருந்தது.

இரு வழிகள்

அக்காலத்தில் இஸ்ரேலியத் திரைப்படம் இரண்டு வழிகளில் சென்றது. ஒன்று, 'பொரேகாஸ் படங்கள்' எனப்பட்ட வெகுஜனப் படங்கள். பொரேகாஸ் என்பது தெருக்களில் விற்கும் ஒரு வகை அடைப்பப்பம். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களுக்கும் வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவிலிருந்து வந்த யூதர்களுக்கும் இடையிலான வேறுபாடுகளைச் சிரிப்பும் கண்ணீருமாகச் சொன்னவை இவை. மற்றொன்று, ஐரோப்பியப் புதிய அலையின் தாக்கம் பெற்ற இயக்குநர் சார்ந்த படங்கள்.

ஸோஹர் இரண்டிலும் பணிபுரிந்தார். 'மோய்ஷே வென்டிலேட்டர்' (1966), 'ஹஷ்ஹுனா ஷெலானு' (நம்ம பேட்டை, 1968) போன்ற கேளிக்கைப் படங்களை எடுத்தார். மறுபுறம், எழுத்தாளர் ஏ. பி. யெஹோஷுவாவின் கதையைத் தழுவி 'ஷ்லோஷா யாமிம் வேயெலெத்' (மூன்று நாட்களும் ஒரு குழந்தையும், 1967) படத்தை இயக்கினார். முன்னாள் காதலியின் குழந்தையை மூன்று நாள் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்கும் இளைஞனின் மனத்தில் அன்பும் வன்மமும் மாறிமாறி எழுவதே கதை. நாயகனாக நடித்த ஓதெத் கோட்லர் 1967 கான் விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார்.

1967 போரைப் பின்னணியாகக் கொண்ட 'கோல் மம்ஸேர் மேலெக்' (கண்டவனெல்லாம் ராஜா) 1968-இல் வெளிவந்தது.

தொலைக்காட்சி: 'லூல்'

இஸ்ரேலில் பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1968-இல் தொடங்கியது. 1970 முதல் ஸோஹர், அரிக் ஐன்ஸ்டைன், போவாஸ் டேவிட்சன், ட்ஸ்வி ஷிஸ்ஸெல் ஆகியோர் சேர்ந்து 'லூல்' (கோழிக்கூண்டு) என்ற நிகழ்ச்சியை உருவாக்கினர். பாடல்களும் குறுநாடகங்களும் கலந்த இந்நிகழ்ச்சி சில பகுதிகளே வந்தது. ஆயினும் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அதில் குடியேறிகளைப் பற்றிய குறுநாடகம் மிகவும் புகழ்பெற்றது. கடற்கரையில் ஒவ்வொரு அலையாக மக்கள் வந்து இறங்குகிறார்கள். ரஷ்யர், போலந்துக்காரர், ஏமனியர், ஜெர்மானியர், மொராக்கோக்காரர், ஜார்ஜியர் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொரு முறையும் முன்பே வந்திறங்கியவர்கள், புதிதாக வருபவர்களைப் பார்த்து முகம் சுளித்துத் திட்டுகிறார்கள். எல்லாக் கூட்டத்தாரையும் ஸோஹரும் ஐன்ஸ்டைனுமே மாறிமாறி நடித்தனர். முந்தைய காட்சியில் வசை வாங்கிய அதே முகம் அடுத்த காட்சியில் வசைபாடுகிறது. எந்த ஒரு சமூகத்தையும் தனியே இழிவு செய்யாமல், நேற்று வந்தவன் இன்று வருபவனை வெறுக்கும் வழக்கத்தை அது கேலி செய்தது.

கடற்கரைப் படங்கள்

ஸோஹர் இயக்கி நடித்த 'மெட்சிட்சிம்' (ஒளிந்து பார்ப்பவர்கள், 1972), 'எய்னாயிம் கெதோலோத்' (பெரிய கண்கள், 1974), 'ஹட்சிலு எத் ஹமட்சில்' (காப்பாளனைக் காப்பாற்றுங்கள், 1977) ஆகிய மூன்றும் டெல் அவிவ் வாழ்க்கையைச் சித்திரிப்பவை. இவற்றை ஒரு மூவரிசையாகக் கொள்வது வழக்கம்.

'மெட்சிட்சிம்' படத்தில் ஸோஹர் ஏற்ற பாத்திரம் குட்டே. நடுவயதை நெருங்கியும் கடற்கரைக் கொட்டகையில் காலம் கழிப்பவன். பெண்கள் உடைமாற்றும் இடத்தை ஒளிந்து பார்க்கும் பையன்களை விரட்டுவது அவன் அன்றாட வேலை. அவன் நண்பன் எலியாக ஐன்ஸ்டைன் நடித்தார். எலி மணமானவன். கிதார் வாசிப்பவன். வீட்டுப் பொறுப்பிலிருந்து தப்பி வர அவனுக்குக் குட்டேயின் கொட்டகை தேவைப்படுகிறது. பெரிய சம்பவங்கள் எதுவும் இல்லை. வெயில், கடல், அரட்டை, சிறு சண்டைகள். சிரித்துக்கொண்டே பார்க்கும் நமக்கு, இவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது மெல்லப் புரிகிறது.

வெளியானபோது படம் தோல்வியடைந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் தொலைக்காட்சியிலும் மறு திரையிடல்களிலும் பார்த்த இளைய தலைமுறை அதைக் கொண்டாடியது. இஸ்ரேலின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்றாக இன்று அது மதிப்பிடப்படுகிறது. டெல் அவிவின் வடபகுதியிலுள்ள ஒரு கடற்கரை அப்படத்தின் பெயராலேயே 'மெட்சிட்சிம் கடற்கரை' என அழைக்கப்படுகிறது.

'பெரிய கண்கள்' படத்தை ஸோஹர் எழுத்தாளர் யாக்கோவ் ஷப்தாயுடன் சேர்ந்து எழுதினார். ஸோஹரின் பாத்திரம் ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர். மனைவி, தோழிகள், விளையாட்டு வீரர்கள் என எல்லோரையும் பொய் சொல்லிச் சமாளிப்பவர். எதையும் விட்டுக்கொடுக்க மனமின்றி, கடைசியில் எல்லோரிடமும் நம்பிக்கையை இழக்கிறார். மூன்றில் இதுவே கசப்பு மிகுந்தது.

விருது மறுப்பு

1976-இல் திரைப்படத் துறைப் பங்களிப்புக்காக இஸ்ரேல் பரிசு ஸோஹருக்கு அறிவிக்கப்பட்டது. இது அந்நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதுகளில் ஒன்று. ஸோஹர் அதை ஏற்க மறுத்தார்.

சமய வாழ்க்கை

1977-இல் தான் நடத்திவந்த தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியில் ஸோஹர் தலையில் கிப்பா அணிந்து தோன்றினார். கிப்பா என்பது சமய ஒழுக்கத்தைப் பின்பற்றும் யூத ஆண்கள் அணியும் சிறு தொப்பி. பார்த்தவர்கள் பலர் இதுவும் ஒரு வேடிக்கை என்றே நினைத்தனர். விரைவில் அவர் திரைத்துறையை முற்றிலும் விட்டு, ஜெருசலேமில் சமயக் கல்வியில் ஈடுபட்டார். தீவிர மரபுவழியினரான ஹரேதி சமூகத்தில் இணைந்து ரபியானார். மதச்சார்பற்ற யூதர்களைச் சமய வாழ்க்கைக்கு அழைக்கும் சொற்பொழிவுகளை நாடெங்கும் ஆற்றினார்.

இஸ்ரேலின் மதச்சார்பற்ற கலை உலகுக்கு இது பேரிழப்பாக இருந்தது. மிக அதிகம் பாதிக்கப்பட்டவர் அரிக் ஐன்ஸ்டைன். ஐன்ஸ்டைனின் முன்னாள் மனைவி அலோனாவும் சமய வாழ்க்கைக்குத் திரும்பினார். அவர்களுடைய மகள்கள் இருவர் ஸோஹரின் மகன்கள் இருவரை மணந்தனர். ஒரு காலத்தில் கடற்கரையில் சேர்ந்து திரிந்த நண்பர்கள் இப்படிச் சம்பந்திகள் ஆனார்கள். ஐன்ஸ்டைன் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. நண்பரின் மாற்றத்தைப் பற்றி ஒரு பாடலும் பாடினார். வாழ்க்கைமுறை வேறானபோதும் இருவரிடையே அன்பு தொடர்ந்தது. ஐன்ஸ்டைன் 2013-இல் மறைந்தார்.

மறைவு

ஊரி ஸோஹர் ஜூன் 2, 2022 அன்று ஜெருசலேமில் தன் 86-ஆம் வயதில் காலமானார்.

முக்கியப் படங்கள் (இயக்கம்)

- எட்ஸ் ஓ பாலஸ்தீனா (1962, பிறருடன் இணைந்து)
- ஹோர் பலெவானா (1964)
- மோய்ஷே வென்டிலேட்டர் (1966)
- ஷ்லோஷா யாமிம் வேயெலெத் (1967)
- கோல் மம்ஸேர் மேலெக் (1968)
- ஹஷ்ஹுனா ஷெலானு (1968)
- ஹதர்நெகோல் (சேவல், 1971)
- மெட்சிட்சிம் (1972)
- எய்னாயிம் கெதோலோத் (1974)
- ஹட்சிலு எத் ஹமட்சில் (1977)

மதிப்பீடு

ஸோஹரின் வாழ்க்கை பொதுவாக இரண்டு பாதிகளாகச் சொல்லப்படுகிறது. முன்பாதியில் எதையும் மதிக்காத கோமாளி, பின்பாதியில் கறுப்பு அங்கி அணிந்த சமய ஆசிரியர். படங்களை ஆண்டு வரிசையில் பார்த்தால் இந்தப் பிரிவு அவ்வளவு கூர்மையாகத் தெரியவில்லை. 'நிலவில் ஒரு துளை'யில் நாட்டின் பெருமிதத்தைப் பார்த்துச் சிரித்தார். 'லூல்' நிகழ்ச்சியில் சமூகத்தின் சிறுமையைப் பார்த்துச் சிரித்தார். 'மெட்சிட்சிம்' முதல் அவருடைய கேலி, பொறுப்பைத் தட்டிக்கழித்துச் சிரித்தே காலம் தள்ளும் ஆண்கள் மீது திரும்பியது. அந்த ஆண்களில் ஒருவராக அவரே நடித்தார்.

இதை வைத்து, அப்படங்கள் அவருடைய சமயத் திருப்பத்துக்கான முன்னறிவிப்புகள் மட்டுமே என்று முடிவு செய்வது சரியல்ல. அதே கடற்கரையில், அதே படங்களில் உடனிருந்து நடித்த ஐன்ஸ்டைன் வேறு முடிவுக்கு வந்தார். ஒரே கேள்வியிலிருந்து இருவர் இரு திசைகளில் செல்ல முடியும். கேள்வியை நேர்மையாகக் கேட்டதே அந்தப் படங்களின் வலிமை. அவற்றை எடுத்தவரே பின்னர் அந்த உலகை விட்டு நீங்கினார். பார்வையாளர்கள் அந்தப் படங்களை விடவில்லை.