லிங்கியூவில் 20 விழுக்காடு

2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கத்தில் மொத்தக் கொள்ளளவில் சுமார் 20 விழுக்காட்டு நீரே எஞ்சியிருந்தது. அந்த நீர் குழாய் வழியே நேராகச் சிங்கப்பூர் வருவதாக எண்ணும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அப்படியல்ல. 1995இல் கட்டி முடிக்கப்பட்ட இத்தேக்கம் திறந்துவிடும் நீர் ஜொகூர் ஆற்றில் கலந்து, கடலிலிருந்து ஏறிவரும் உப்புநீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆறு மெலிந்தால் உப்பு மேலேறும். சுத்திகரிப்பு நிலையம் நீர் இறைப்பதை நிறுத்த வேண்டியதுதான். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 2061 வரை சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆனால், உப்பு ஏறிய நாளில் அந்த உரிமை தாளில்தான் இருக்கும்.

இங்கே 20 விழுக்காடு என்பது நீரின் அளவு, மட்டத்தின் உயரமன்று. பள்ளத்தாக்கில் அமைந்த நீர்த்தேக்கம் நம் வீட்டு வடைச்சட்டி மாதிரி, மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருக்கும். நிரம்பிய நிலையில் ஒரு மீட்டர் இறங்கினால் ஏராளமான நீர் போயிருக்கும். அடிப்பகுதியில் ஒரு மீட்டர் என்பது கொஞ்ச நீர்தான். அதனால் வறட்சி நீள நீள, அதே அளவு நீரைத் திறந்தாலும் மட்டம் இன்னும் வேகமாக இறங்கும். பொறியாளர்கள் எந்த உயரத்திற்கு எவ்வளவு நீர் என்று அட்டவணை வைத்திருப்பது இதற்காகத்தான். அடியில் வண்டல் படியப் படிய அதையும் திருத்த வேண்டும்.

மழைக்காலத்தில் கணக்கு தலைகீழ்: முதலில் மட்டம் விறுவிறுவென ஏறும், பிறகு மந்தமாகும். "மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தது" என்று யாராவது சொன்னால், எந்த உயரத்திலிருந்து என்றுதான் முதலில் கேட்பேன்.