எண்பதாயிரம் ரூபாய் போனில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

"சித்தப்பா, இதை ஸ்ரீபெரும்புதூர்லதானே பண்றாங்க? அப்புறம் ஏன் அமெரிக்காவைவிட நம்ம ஊர்ல விலை ஜாஸ்தி?"

2025 செப்டம்பரில், பாண்டி பஜாரில் ஒரு செல்போன் கடை வாசலில் நின்று என் அண்ணன் மகன் கேட்டான். ஐபோன் 17 விற்பனைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சாதாரண மாடல் ரூ.82,900, ப்ரோ ரூ.1,34,900. கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்திருக்கிற பையன். அவன் கண் ப்ரோ மேல். பணம் கொடுக்கப்போவது அண்ணன். நியாயமான கேள்வி என்பதால் அன்று சாயங்காலமே மயிலாப்பூர் வீட்டில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

முதலில் சாதாரண மாடலை எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் அதன் விலை 799 டாலர். அந்த வாரம் ஒரு டாலர் ஏறக்குறைய 88 ரூபாய். பெருக்கினால் ரூ.70,312. அமெரிக்காவில் அறிவிக்கிற விலையில் விற்பனை வரி இருக்காது. மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிற அந்த வரி, பில் போடும்போதுதான் ஏறும். நம் ஊர் விலை வரியும் சேர்ந்தது. ஆகவே 70,312-க்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியைப் போட்டுப் பார்த்தோம். ரூ.82,968 வந்தது. கடையில் எழுதியிருந்த விலைக்கும் இதற்கும் வித்தியாசம் 68 ரூபாய்! சாதாரண மாடலைப் பொறுத்தவரை, அமெரிக்க விலைக்கு மேல் நாம் கொடுப்பது அரசுக்குப் போகிற வரி மட்டும்தான்.

அதே கணக்கை ப்ரோவுக்குப் போட்டால் கதை மாறுகிறது. 1,099 டாலரை ரூபாயாக்கி ஜிஎஸ்டியும் சேர்த்தால் ரூ.1,14,120. கடை விலையோ ரூ.1,34,900. இடையில் இருக்கிற இருபதாயிரத்துச் சொச்சம் ஜிஎஸ்டியும் இல்லை, டாலர் மதிப்பும் இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கத் துணிந்தவர் இன்னும் இருபதாயிரத்துக்குப் பின்வாங்க மாட்டார் என்று நிறுவனம் எடை போட்டிருக்கிறது என்பதே என் எண்ணம். 'விலைக்குத் தகுமா' என்று ஒருவர் யோசிக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடப்பது கோப்பு வேலை, அதாவது பாகங்களைச் சேர்த்துப் போனாக்கும் வேலை. போனின் மூளையான சிப் தைவானிலிருந்து வருகிறது. திரை, கேமரா, நினைவகம் எல்லாம் பெரும்பாலும் கிழக்காசிய நாடுகளிலிருந்து. விலையில் பெரும்பங்கு அந்தப் பாகங்களுக்கும், அவற்றை வடிவமைத்த நிறுவனத்தின் லாபத்துக்கும் போகிறது. பாகங்களைச் சேர்க்கிற கைகளுக்குப் போவது சிறு பங்குதான். அதே பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறந்தார்களே, அங்கிருந்து ஷிப்டுக்குப் பஸ் ஏறுகிற பெண்களின் சம்பளம் இந்த விலையை ஏற்றிவிடவில்லை.

உள்ளூரில் செய்வதால் நமக்குப் பலன் உண்டா? உண்டு, சுங்கவரி வழியாக. வெளிநாட்டில் முழுதாகச் செய்து இறக்குமதியாகிற போனுக்கு 20 சதவீத சுங்கவரி இருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 ஆனது. இங்கேயே கோத்தால் அந்த வரி இல்லை. 2023-இல் ரூ.1,34,900-க்கு வந்த ப்ரோ மாடல், மறு ஆண்டு அதே 128 ஜிபி அளவில் ரூ.1,19,900-க்கு இறங்கியதற்குப் பின்னால் இந்த இரண்டு காரணங்களும் இருக்கின்றன.

சரி, விலை நிஜமாகவே ஏறுகிறதா? போனுக்குப் போன் பதில் வேறு. சாதாரண ஐபோன் 2019-இல் ரூ.64,900. மறு ஆண்டு ரூ.79,900-க்குத் தாவியது. நடுவில், 2020 ஏப்ரல் 1 முதல், செல்போனுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமானதை நினைவில் வையுங்கள். அதன்பின் 2024 வரை ஐந்து மாடல்கள், அறிமுக விலை மாறவே இல்லை. 2025-இல் மூவாயிரம் ஏறியது. ஆனால் நினைவகம் 128-லிருந்து 256 ஜிபி ஆனது. முந்தைய ஆண்டு 256 ஜிபி வேண்டுமென்றால் ரூ.89,900 கொடுக்க வேண்டியிருந்தது.

கிடுகிடுவென ஏறியவை வேறு. சாம்சங் அல்ட்ரா வரிசை 2020-இல் ரூ.92,999-க்குத் தொடங்கி 2024-இல் ரூ.1,29,999-ஐத் தொட்டது. 'குறைந்த விலையில் உயர்தரம்' என்று பேர் வாங்கிய ஒன்பிளஸ் 2014-இல் முதல் போனை ரூ.21,999-க்குக் கொடுத்தது, 2025 ஜனவரியில் வந்த ஒன்பிளஸ் 13 ரூ.69,999. பத்து வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல். சராசரிக் குடும்பத்தின் கையிலிருந்து நழுவிப்போனவை ஒன்பிளஸ் போன்ற நடுத்தட்டுப் போன்கள்தான் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இந்த இடத்தில் அண்ணி குறுக்கிட்டார். உஸ்மான் சாலைக்குப் போய் நகை பார்த்துவிட்டு வந்திருந்தார். 2017 நவம்பரில் ஐபோன் டென் ரூ.89,000, அப்போது சவரன் ரூ.23,000-க்கும் கீழே. ஒரு போனுக்குக் கிட்டத்தட்ட நாலு சவரன். 2025 செப்டம்பரில் சவரன் எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. சாதாரண ஐபோன் ஒரு சவரன்தான். "அப்போ போன் மலிவாயிடுச்சுன்னு சொல்லு" என்றான் பையன். "நாலு சவரனை வாங்கி வெச்சிருந்தா இன்னிக்கு மூணு லட்சத்துக்கு மேல. அந்த ஐபோனை இன்னிக்கு யாரு வாங்குவா?" என்றார் அண்ணி. அவர் சொன்னதே சரி. போன் தேய்கிற பொருள். அதன் விலையை எத்தனை வருஷத்துக்கு என்று வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பதற்கு முன், கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம். அந்த வாரம் நவராத்திரியும் கூடவே வந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. பையனின் நண்பன் புது ப்ரோ வாங்கியிருந்தான். அண்ணியிடம் இருபத்தைந்தாயிரம் ரூபாய் போன். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, குத்துவிளக்கு வெளிச்சத்தில் கொலுவை இரண்டிலும் படம் எடுத்தோம். அண்ணியின் போனில் செட்டியார் பொம்மையின் முகம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தது. மீசையும் நெற்றிப் பட்டையும் கலங்கிப்போயின. ப்ரோ படத்தில் வண்ணம் தீட்டியவரின் தூரிகைக் கோடுகூடத் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் வடக்கு மாட வீதியில் அதே இரண்டு போன்களில் கோபுரத்தை எடுத்தோம். எது எதில் எடுத்தது என்று மூன்று பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

காரணம் இதுதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்குகிற சில்லு ஒன்று இருக்கிறது. மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த பாத்திரம்போல. வாய் அகலமானால் அதிகம் பிடிக்கும். வெயிலில் சின்னப் பாத்திரமும் நிறைந்துவிடும். விளக்கொளியில் நிறையாது. நிறையாத இடத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அந்த வழவழப்பு அங்கிருந்துதான் வருகிறது. தூரத்துக் காட்சிக்கும் இதே நிலைமை. தைப்பூசத் தெப்பத்தன்று கபாலி குளத்தின் எதிர்க்கரையிலிருந்து சுவாமியை எடுக்க, விலை உயர்ந்த போனில் தனி லென்ஸ் இருக்கிறது. மலிவான போன், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இரவும் தூரமும் உங்களுக்கு முக்கியமா? அப்படியானால் அந்தக் காசு வீண் இல்லை. யுபிஐ, வாட்ஸ்அப், மெட்ரோ டிக்கெட், மேப் ஆகியவற்றுக்கு இருபதாயிரம் ரூபாய் போனுக்கு மேல் தேவையே இல்லை.

தண்ணீர் புகாது என்பதை நம்பிப் பணம் கொடுக்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். வெள்ளத்தைப் பார்த்த ஊர். ஐபி68 என்பது ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் செய்கிற சோதனை. பெசன்ட் நகர் கடல் நீர் அதில் சேராது. நாளாக ஆக உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பும் தளரும். தண்ணீரால் கெட்டுப்போனால் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது. வெப்பமும் அப்படித்தான். ஐபோனைப் பயன்படுத்தச் சரியான சூழல் 0 முதல் 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் சென்னை 40-ஐத் தொடும். ஸ்கூட்டர் ஹேண்டிலில் மாட்டி வெயிலில் ஓட்டினால் பேட்டரியின் ஆயுள் குறையும். மோட்டார் சைக்கிளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று அந்த நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. லட்ச ரூபாய் கொடுத்தாலும் இந்த விதி மாறாது.

முன்பெல்லாம் விலை உயர்ந்த போனுக்கு இன்னொரு வலுவான காரணம் இருந்தது: நீண்ட காலம் அப்டேட் வரும். 2019-இன் ஐபோன் 11-க்கு 2025-இலும் புது மென்பொருள் வந்தது. கூகுள் 2023-இலும் சாம்சங் 2024-இலும் தங்கள் உயர்ரகப் போன்களுக்கு ஏழு வருஷ வாக்குறுதி கொடுத்தன. ஆனால் 2024 அக்டோபரில் ரூ.18,999-க்கு வந்த சாம்சங் ஏ16 5ஜி போனுக்கே ஆறு வருஷம் என்று சொல்லிவிட்டார்கள். அப்டேட் வந்தாலும் அந்தப் போனின் சிப் ஆறாவது வருஷத்தில் திணறும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் வங்கிச் செயலிகள் பாதுகாப்பாக ஓடும். வயதான அப்பா அம்மாவுக்கு அது போதும்.

இனி வகுத்தல். ரூ.82,900 போனை ஆறு வருஷம் வைத்திருந்தால் வருஷத்துக்குச் சுமார் ரூ.13,800, நடுவில் ஒரு பேட்டரி மாற்றும் செலவு தனி. ரூ.25,000 போனை மூன்று வருஷம் வைத்திருந்தால் வருஷத்துக்கு ரூ.8,300. 'நல்லதா ஒண்ணு வாங்கிட்டா கடைசியில லாபம்' என்று சொல்வது கணக்குப்படி சரியில்லை. நீண்ட நாள் வைத்திருந்தாலும் வருஷத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு கூடத்தான் ஆகிறது. நல்ல கேமராவுக்கும் வேகத்துக்கும் தருகிற விலை என்று தெரிந்தே கொடுத்தால் தவறில்லை. ப்ரோவை வாங்கி இரண்டு வருஷத்தில் பாதி விலைக்குத் தள்ளினால் வருஷத்துக்கு ரூ.33,000-க்கு மேல் கரைகிறது. அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மாதத் தவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஒருமுறை சரியாகக் கேட்காமல் வாங்கியிருக்கிறேன். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று கடையில் சொன்னார்கள். மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்கு இல்லை என்பதைச் சொல்லவில்லை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையைக் கடை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக்காட்டுகிறது. ஆனால் வட்டிக்கு உண்டான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். 82,900-க்கு 15 சதவீத வட்டியில் 12 தவணை என்றால் அது ஏறக்குறைய ரூ.1,150, பிராசசிங் கட்டணம் தனி. தொகை சின்னதுதான். பெரிய ஆபத்து வேறு: மாதம் ஏழாயிரம் என்று கேட்கும்போது எண்பத்திரண்டாயிரம் மறந்துபோகிறது.

காத்திருந்தால் விலை இறங்குமா என்று கேட்பவர்களுக்கு: புது மாடல் வந்த அன்றே முந்தைய ஐபோன் 16 அதிகாரபூர்வமாகப் பத்தாயிரம் இறங்கி ரூ.69,900 ஆனது, தீபாவளி விற்பனையில் இன்னும் இறங்கியது. ஒரு வருஷப் பழைய மாடலே பணத்துக்கு மதிப்புள்ள கொள்முதல் என்று நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன். அதற்கு மேல் காத்திருப்பது இப்போது சரிப்படாது. 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக் கணினி மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் அவற்றின் விலை வேகமாக ஏறியது. மலிவான போனின் செலவில் நினைவகத்தின் பங்கு அதிகம் என்பதால், அடி முதலில் விழுவது அங்கேதான்.

ரிச்சி தெருவில் பழைய போன் வாங்க நினைத்தால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம் என்று பாருங்கள். விற்பவர் தன் கணக்கிலிருந்து வெளியேறும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பையனிடம் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எத்தனை வருஷம் வெச்சிருப்பே?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டிகிரி முடியற வரைக்கும்" என்றான். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஐபோன் 16 வாங்கினான். அண்ணன் மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினார். போன் வந்த பெட்டியின் உள்மூடியில் '2029 ஏப்ரல் வரை' என்று பேனாவால் எழுதி, பில்லையும் உள்ளே மடித்துவைத்து அலமாரியில் ஏற்றியிருக்கிறான்.