கூடத்தை அணிசெய்யும் தலையணை

கூடத்தை அணிசெய்யும் சிறு தலையணையில் நெசவாளர், உழவர் ஆகிய இருவர் உழைப்பும் கூடுகின்றன. உறை சென்னிமலைத் தறியில் நெய்ததாகலாம். உள்ளீடு போடிநாயக்கனூர் இலவம் பஞ்சாகலாம்.

இலவம் இழை உள்ளே குழலாகவும் மேலே மெழுகுப் பூச்சுடனும் இருப்பதால் மிக இலேசானது. நீரை எளிதில் ஏற்காது. வழுக்கும் தன்மையால் நூற்பதற்கு இசையாத அப்பஞ்சு, தலையணைக்கே உகந்தது. நெருக்கமாக நெய்த உள்ளுறையில் அதனை அடைத்து, மேலே வண்ண உறை இடுதல் வேண்டும்.

விரிப்பு கட்டம் போட்டதாயின் உறை ஒரே நிறமாயிருத்தல் நன்று. விரிப்பு ஒரே நிறமாயின் கரையிட்ட உறை எடுப்பாக இருக்கும். பஞ்சைத் துவைக்காது வெயிலில் காயவைத்தால் மீண்டும் உப்பும்.

உறை வாங்குகையில், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையை அங்கத்தினர்கள் அவசியம் பார்த்தல் வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறியென நம்பி வாங்கும்போதெல்லாம், நம்மவர் ஒருவரின் தறிக்கு வேலை குறைகிறது.