மதுவிலக்கும் மருத்துவ உரிமையும்

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம்; மருந்து 95ஆவது அதிகாரம். தீங்கை முன்னரே விலக்குவதும், நேர்ந்த நோயைத் தீர்ப்பதும் ஆகிய இவ்விரண்டும் மதுவைப் பற்றிய இன்றைய சிந்தனைக்கும் இன்றியமையாதவை.

மதுவை விலக்குமாறு குமரி மண்ணிலிருந்து ஒலித்த குரல்களுள் குறிப்பிடத்தக்கது ‘இலக்கியச் செல்வர்’ குமரி அனந்தனுடையது. 1933இல் பிறந்த அவர், 1977இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மதுவிலக்கை வலியுறுத்தி முதுமையிலும் நடைப்பயணம் மேற்கொண்டார். அவரது கோரிக்கைக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே இடமுண்டு. அதன் 47ஆவது உறுப்பு, பொதுநலவாழ்வை மேம்படுத்துவதை அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. மருத்துவப் பயன்பாடு நீங்கலாக, மதுவிலக்கைக் கொண்டுவர முயலுமாறும் பணிக்கிறது.

ஆயினும், ஏற்கெனவே மதுவுக்கு அடிமையானவரின் நிலை என்ன? கடையை மூடுவதால் மட்டும் அவரது நோய் தீர்ந்துவிடாது. நாள்தோறும் மிகுதியாக அருந்துபவரின் மூளை, மதுவுக்கேற்பத் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்கிறது. திடீரென நிறுத்தும்போது கைநடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றலாம். சிலருக்கு உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே, அவரை மனவுறுதியற்றவர் எனப் பழிப்பதாலோ அறையில் பூட்டிவைப்பதாலோ பயனில்லை. மருத்துவரின் கண்காணிப்பில் மதுவை நிறுத்துதல், உளவள ஆலோசனை, தொடர் கவனிப்பு ஆகியவையே அவரை மீட்கும் வழிகள். மீண்டும் குடிக்க நேர்ந்தாலும் அதனை முடிவான தோல்வியாகக் கருதாமல், சிகிச்சையைத் தொடர வேண்டும்.

இவ்வுண்மையைச் சட்டமும் ஏற்றுள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் விளையும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியுதவி பெறும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவும் அறிவித்துள்ளது. குமரி மாவட்டத்தினர் ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். 14416 என்னும் ‘டெலி மனஸ்’ எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்தவர் வள்ளுவர். குடிநோயை மானக்கேடாக எண்ணி மறைக்கும் வீட்டில் இந்த நான்காமவர் இல்லாது போகிறார். அதனால் மற்ற மூன்றும் ஒன்றுசேர்வதும் தடைப்படுகிறது. நோயாளியை மருத்துவமனை வாயில் வரை அழைத்துச் செல்லும் அந்த ஒருவராக, உறவினரோ நண்பரோ அண்டை வீட்டாரோ இருக்கலாம்.